மான் படுக்கை

போகக்கூடாது. பன்னிரண்டு மணி வரைக்கும் போகக்கூடாது. மேட்டுச் சரிவில் மான்கள் வந்து படுக்கட்டும் என்று நான் செய்து வைத்திருக்கிற இடத்துக்கும் போகக்கூடாது, மாடியில் என் மகள் சிந்துஜா இருக்கிற அறைக்கும் போகக்கூடாது. இப்போது பத்து ஏழு. உட்கார்ந்ததிலிருந்து நாலு தடவை செல்போனை எடுத்து மணி பார்த்துவிட்டேன். ஐம்பத்தொன்பது வயது முடியப்போகிறது, ஒரு இடத்தில் இரண்டு மணி நேரம் கம்மென்று உட்காரத் தெரியவில்லை. இந்த லட்சணத்தில் ஊரில் பத்துக் குடும்பத்துக்குப் பஞ்சாயத்து வேறு சொல்லியிருக்கிறேன். மோட்டார் ரூமுக்குள் கிரீஸ் வாசம் இன்னும் போகவில்லை. போர்வெல்லில் தண்ணீர் இல்லாமல் போய் இரண்டு வருசம், மோட்டாரைக் கழற்றி விற்று ஒன்றரை வருசம், ஆனால் கிரீஸ் கை பட்ட சுவர் அப்படியே கறுப்பாக இருக்கிறது. கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளி மேல் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே இரண்டே கம்பி வைத்த சின்ன ஜன்னல். அதன் வழியாக இடது கைப் பக்கம் மேட்டுச் சரிவு தெரியும், வலது கைப் பக்கம் எங்கள் வீடு, வீட்டு மாடி, அவள் ஜன்னல். இந்த இடத்தை எதற்குத் தேர்ந்தெடுத்தாய் என்று யாராவது கேட்டால் மான் பார்க்க என்றுதான் சொல்வேன். கேட்பதற்குத்தான் யாருமில்லை. அவள் ஜன்னல் திறந்திருக்கிறது. பச்சைத் திரை ஆடிக் காற்றில் வெளியே வந்து வந்து உள்ளே போகிறது. திரை ஆடினால் ஜன்னல் திறந்திருக்கிறது, ஜன்னல் திறந்திருந்தால் அவள் எழுந்து திறந்திருக்கிறாள், எழுந்து ஜன்னல் திறக்கிறவள் நல்லபடியாக இருக்கிறாள். இல்லை, நேற்றுத் திறந்ததாகவும் இருக்கலாம். ராத்திரி சாத்தினாளா, இல்லையா? காலையில் மாட்டுக்குத் தீவனம் போடும்போது அண்ணாந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

போகக்கூடாது என்று அவள்தான் கேட்டாள். நேற்றுச் சாயங்காலம் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, அப்படியே நின்று, அவள் முகத்தைப் பார்த்து, கையைப் பார்த்து, தட்டில் சோறு எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது சொன்னாள். "ஒரு நா, ஒரே ஒரு நா என்னைப் பாக்க வராம இருங்கப்பா." கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்கும், நானும் கத்தியிருப்பேன், எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் பஞ்சமில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. அந்த நாற்பத்திரண்டு நாளில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் படி ஏறியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்ததும் நான்தான், ஸ்குரூ இருந்த ஓட்டைகளில் சுண்ணாம்பு வைத்து அடைத்ததும் நான்தான். தட்டாமலே திறப்பேன். தட்டி, அவள் பதில் சொல்லாமல் இருந்தால் அந்த ஒரு நொடியை என்னால் தாங்க முடியாது, அதனால் தட்டுவதில்லை. காலையில் என் மனைவி வசந்தாமணி நம்பியூரில் எழவுக்குப் புறப்படும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "ஏனுங்க, மணிக்கொருக்கா மேல போயிப் பாருங்க. எதையாச்சும் நோண்டிட்டு மறந்துறாதீங்க." சரி என்றேன். இந்தப் பக்கம் பெண்டாட்டிக்கும் சரி, அந்தப் பக்கம் மகளுக்கும் சரி. முழு நாள் என்னால் முடியாது, பன்னிரண்டு மணி வரைக்குமாவது என்று எனக்கு நானே கணக்கு வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் இருந்தால் கால் தானாகப் படி ஏறிவிடும் என்றுதான் இங்கே வந்து இந்த வாளி மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

பத்து இருபது. மான் ஒன்றும் காணோம். இந்நேரம்தான் வரவேண்டும் என்று கோகிலவாணி சொன்னாள். கோகிலவாணி வனக்காவலர், முப்பது வயது இருக்கும், காக்கிச் சட்டையில் பேனாவும் ஒரு சீப்பும் குத்தியிருப்பாள். விடிகாலையில் மேய்ந்துவிட்டு, வெயில் ஏற ஏறப் பள்ளத்தை ஒட்டியே நடந்து, எங்காவது படுத்து அசை போடும் என்றாள். "மேயறதுக்கு எடம் ஆயிரம் இருக்குதுங்கண்ணா, சோளக்காடு பூரா அதுக்கு ஓட்டலுதான். படுக்கறதுக்குத்தான் எடமில்ல. படுக்கணும்னா அதுக்குப் பயம் போகோணும்." முதுகுப் பக்கம் மேடு இருக்க வேண்டும், மேற்கேயிருந்து வருகிற காற்று அந்த மேட்டைத் தாண்டி அதன் முதுகுக்கு வர வேண்டும், கண்ணுக்கு முன்னால் திறந்த வெளி கிடக்க வேண்டும். பின்னால் வருகிறதை மூக்கு பார்த்துக்கொள்ளும், முன்னால் வருகிறதைக் கண் பார்த்துக்கொள்ளும். தலைக்கு மேல் தாழ்வாக நிழல். ஓடுவதற்கு ஒன்றுக்கு இரண்டு வழி. அவ்வளவுதான் கேட்கிறது அது. நாலு ஏக்கர். தண்ணீர் போனதிலிருந்து சும்மா கிடந்து முள்ளும் உண்ணிச்செடியும் மண்டிப்போன நாலு ஏக்கர். ஆள் வைக்கவில்லை, நானே வெட்டினேன். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கினேன், கருவேல முள்ளைக் கழித்தேன், கொழுக்கட்டைப் புல்லை மட்டும் முழங்கால் உயரத்துக்கு விட்டேன். சரிவில் இருந்த இளம் வெள்வேல மரங்களை நெஞ்சு உயரத்தில் முக்கால் பாகம் வெட்டி, மிச்சப் பட்டை அறுந்துவிடாமல் கையால் தாங்கி மெதுவாகச் சாய்த்து விட்டேன். அப்படிச் சாய்த்தால் மரம் சாகாது, படுத்தபடியே தழைக்கும், கீழே குனிந்து போகிற அளவுக்கு ஒரு கூரை கிடைக்கும். கூரைக்குக் கீழே மூன்று இடம், ஒவ்வொன்றும் கட்டில் அளவு. மண்வெட்டியால் சமன் செய்தேன். கல்லைக் கையால் பொறுக்கினேன்.

படுத்தும் பார்த்தேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கல் எங்கேயாவது குத்துமோ என்று மூன்று இடத்திலும் ஒன்று மாற்றி ஒன்று மல்லாந்து படுத்தேன், ஒருக்களித்துப் படுத்தேன். மூன்றாவது இடத்தில் தூங்கியே போய்விட்டேன். சிந்து அதைச் செய்த நாளிலிருந்து நான் ஒழுங்காகத் தூங்கினது அந்த முக்கால் மணி நேரம்தான். கண் திறந்தால் பக்கத்துக் காட்டுச் சுப்பணன் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சோளத்தை மான் பாதி தின்றுவிட்டது, அந்தக் கோபம் அவனுக்கு. "என்ன சென்னியப்பண்ணா, மானுக்கு மெத்தை போட்டாச்சு, தலகாணி எப்ப? அப்படியே ஃபேனும் ஒண்ணு மாட்டி உட்டுருங்க." வேறு நாளாக இருந்தால் அவன் பரம்பரையையே இழுத்திருப்பேன். அன்றைக்கு எழுந்து துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். அவனுக்கு எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினோரு நாள் என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் தலையாட்டுவாள், வேண்டாம் என்றால் அதுவும் இல்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் கதவைத் திறந்தேன், எழுந்து ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். திரும்பாமல் கேட்டாள். "அங்க நின்னது மானாப்பா?" நான் பார்ப்பதற்குள் அது போய்விட்டது. நாயாகக்கூட இருந்திருக்கலாம். ஆமாம் கண்ணு, மான்தான், இனிமேல் தினமும் வரும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் இதெல்லாம். காலையில் அவள் எழுந்து நிற்க ஒரு காரணம் வேண்டும். அப்பன் முகம் அதற்குப் போதவில்லை.

பத்து ஐம்பது. திரை ஆடுகிறது. சரிவில் ஒரு மைனா. மான் வரவில்லை, ஏன் வரும்? கோகிலவாணி போன வாரம் வந்து பார்த்தாள், எல்லாம் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்றாள், அப்புறம் என் செருப்புத் தடத்தைப் பார்த்தாள். தடம் தினமும் நடந்து நடந்து ஒரு வண்டிப்பாதை அளவுக்கு ஆகிவிட்டது. "அண்ணா, நெசத்தைச் சொல்லுங்க, தெனமும் உள்ள வாரீங்களா?" வருகிறேன் என்றேன். வந்து என்ன செய்கிறீர்கள் என்றாள். என்ன செய்கிறேன்? பதினொரு மணிக்கு வருவேன், மூன்று இடத்திலும் குனிந்து புல் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன், மடங்கவில்லை என்றாலும் புல்லில் கையை வைத்துப் பார்ப்பேன், சூடு இருக்கிறதா என்று. மகள் மூக்குக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்க்கிறேனே, அதே கை. புல்லில் கை வைப்பதைச் சொன்னதும் கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். "உங்க வாசம் இங்க பூரா அப்பிக் கெடக்குது. எடத்தைச் செஞ்சா செஞ்சதோட உட்ரோணுங்கண்ணா. வருதா வருதான்னு போய்ப் போய்ப் பாத்தா எப்படி வரும்?" அன்று முதல் சோப்பு போடாமல் குளித்தேன். வேப்பந்தழையைக் கசக்கிச் சட்டையில் தேய்த்தேன். வசந்தா மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆனால் போவதை நிறுத்தினேனா? நிறுத்தவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆக்கினேன், பிறகு அந்த ஒரு நாளும் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வரலாம் என்று போய், போன பிறகு இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று உள்ளே குனிந்தேன். என்னை என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை.

சிந்து ஒன்றும் ஒரேயடியாக அந்தச் சாகிற முடிவுக்குப் போகவில்லை. வந்தாள். என்னிடம்தான் வந்தாள், இரண்டு தடவை வந்தாள். இதை நினைக்கக்கூடாது என்று தினமும் சொல்லிக்கொள்கிறேன், தினமும் பதினொரு மணி வாக்கில் இது வந்துவிடுகிறது. முதல் தடவை கோபியில் இருக்கிற மாமியார் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்தாள், கல்யாணமாகி ஏழு மாசம், கையில் ஒரு கட்டைப்பை. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் நான் கேட்டேன். வா என்று சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "எதுக்குச் சொல்லாம கொள்ளாம வந்த? மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" அதுதான் என் வாயில் வந்தது. அவள் இரண்டு நாள் இருந்தாள். அந்த இரண்டு நாளும் என்ன பிரச்சனை, யார் என்ன சொன்னார்கள், நீ என்ன பதில் சொன்னாய் என்று பஞ்சாயத்தில் கேட்கிற மாதிரி கேட்டேன். கேள்விக்கு நடுவில் ஒருத்தி எப்படிப் படுப்பாள், எப்படி அழுவாள்? மூன்றாம் நாள் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். போகிற வழியில் புளியம்பட்டியில் நிறுத்தி இரண்டு சீப்பு கதலிப்பழமும் ஒரு கிலோ மைசூர்பாகும் வாங்கினேன். பெண்ணைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போது வெறுங்கையோடு போகக்கூடாதே. அந்த வீட்டில் அந்தம்மா பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "இனி இப்படி நடந்துக்காம பாத்துக்கங்க சம்பந்தி" என்றது. நானும் தலையை ஆட்டினேன். என் மகளுக்காக நான் மன்னிப்புக் கேட்டேன், அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே. இரண்டாம் தடவை அவள் வந்தபோது பை இல்லை. காதோரம் வீங்கியிருந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள், நானும் நம்பினேன், நம்பினால் எனக்குச் சௌகரியம் என்பதால் நம்பினேன். அன்று மத்தியானமே கொண்டுபோய் விட்டேன். அதே கடை, அதே மைசூர்பாகு. கடைக்காரன் அடையாளம் தெரிந்து, "என்னங்கண்ணா, அடிக்கடி விசேசமா" என்றான். நான் சிரித்தேன். கார் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் கேட்டாள். "நம்ம வீட்ல பத்து நா படுத்துத் தூங்கிட்டுப் போறனேப்பா." ஊர் என்ன பேசும் என்றேன். மூன்றாம் தடவை அவள் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன்தான் வந்தது.

பதினொன்று பத்து. சரிவில் ஏதோ அசைந்தது. இல்லை, புல். காற்று. கோகிலவாணியிடம் இதெல்லாம் சொல்லவில்லை, ஆனால் பயம் போனால்தான் படுக்கும் என்று அவள் சொன்னபோது நான் அண்ணாந்து மாடியைத்தான் பார்த்தேன். நாற்பத்திரண்டு நாளாக என் பெண் என் வீட்டில் படுத்திருக்கிறாள், தூங்குகிறாளா என்று தெரியவில்லை. கண்ணை மூடியிருப்பாள், நான் மூக்கருகே கையைக் கொண்டுபோனதும் இமைக்குள் கண் நகரும். அவளுக்குத் தெரியும். தெரிந்து, நான் போகட்டும் என்று மூச்சை ஒரே மாதிரி விட்டுக்கொண்டிருப்பாள். என்னிடமிருந்து ஒளிந்துகொள்ள அவளுக்கு அந்த அறையில் வேறு வழி ஏதும் இல்லை. நான் என்ன செய்யட்டும்? விட்டுவிட்டுப் போய், திரும்பி வரும்போது? எனக்குப் பயம். பயம் என்றால் சும்மா இல்லை, வாயெல்லாம் கசக்கிற பயம். சோற்றைப் பிசையும்போது வருகிறது, பல் விளக்கும்போது வருகிறது. மேலே ஒரு சத்தம் கேட்டாலும் வருகிறது, ஒரு சத்தமும் கேட்காவிட்டால் இன்னும் அதிகமாக வருகிறது. கோயமுத்தூர் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, பேசுங்கள், கூட இருங்கள், ஆனால் போலீஸ் மாதிரி நிற்காதீர்கள் என்றார். சொல்லிவிட்டார். அவர் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். கூட இருப்பதற்கும் போலீஸ் மாதிரி நிற்பதற்கும் நடுவில் ஒரு இடம் இருக்கும்போலிருக்கிறது, அந்த இடத்தை எனக்கு யாரும் காட்டித் தரவில்லை. இன்றைக்கு இந்த வாளி மேல் உட்கார்ந்து அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். தொடை மரத்துவிட்டது. எழுந்து நின்றால் ஜன்னலில் என் தலை தெரியும், மான் பார்த்துவிடும், எந்த மான் என்றுதான் தெரியவில்லை. பதினொன்று இருபத்திரண்டு. வலது பக்கம் பார்க்கிறேன்.

ஜன்னல் சாத்தியிருக்கிறது. திரை இல்லை. பச்சையே இல்லை, இரண்டு கதவும் மூடி மரம்தான் தெரிகிறது. எப்போது சாத்தியது? இப்போதுதானே பார்த்தேன், பதினொன்று பத்துக்குப் பார்த்தேனா, அப்போது சரிவைத்தான் பார்த்தேனா? காற்று சாத்தியிருக்கும். ஆடிக் காற்று மேற்கேயிருந்து அடிக்கிறது, தெற்குப் பார்த்த ஜன்னலை அது எப்படிச் சாத்தும், அதுவும் இரண்டு கதவையும் ஒன்றாக? சாத்தினால் திரும்பவும் திறந்துகொள்ளுமே, படார் படார் என்று அடிக்குமே. அடிக்கவில்லை. உள்ளே கொக்கி போட்டிருக்கிறது. பகலில் ஒருத்தி ஜன்னலைச் சாத்திக் கொக்கி போடுவது எதற்கு? வெளிச்சம் கண்ணைக் கூசியிருக்கும், தூங்குவதற்காக இருக்கும். தூங்கட்டும். தூங்குவதற்காக மட்டும் இருக்கட்டும். பன்னிரண்டு மணிக்கு இன்னும் முப்பத்தெட்டு நிமிசம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று கேட்டாள். ஏன் ஒரே ஒரு நாள்? ஒரு நாள் போதும் என்று எதற்காகக் கேட்டாள்? வசந்தா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, எழவுச் செய்தி நேற்று மத்தியானம் வந்தது, சாயங்காலம் இவள் கேட்டாள். நான் ஒரு மடையன். இதை ராத்திரியே யோசித்திருக்க வேண்டும். பொறு. இப்படித்தான் போன செவ்வாய்க்கிழமையும் பாத்ரூம் கதவை இடித்தாய், உள்ளே அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், ஈரத்தலையோடு வந்து உன்னைப் பார்த்த பார்வையை மறந்துவிட்டாயா? மறக்கவில்லை. அந்தப் பார்வையை இன்னொரு தடவை வாங்கிக்கொள்கிறேன், நூறு தடவை வாங்கிக்கொள்கிறேன். பதினொன்று இருபத்தாறு. கேட்டுக்கொண்டாளே, ஒரே ஒரு நாள். அந்தக் காரில் பத்து நாள் கேட்டாள், அதையும் நான் கொடுக்கவில்லை. இதையாவது கொடுக்கிறேன். கொடுக்கிறேன், உட்கார்ந்தே இருக்கிறேன். வாளி உருண்டு சுவரில் மோதுகிறது. நான் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறேன்.

வரப்பு சுற்று என்று சரிவுக்குள் புகுந்து நாலு ஏக்கருக்கும் குறுக்கே ஓடுகிறேன். செருப்பு ஒன்று கழன்றுவிட்டது. சாய்த்துவிட்ட மரத்தில் முழங்கால் இடிக்கிறது, கல் பொறுக்கிச் சமன் செய்த இடத்தை நானே மிதித்துக்கொண்டு ஓடுகிறேன். எங்கோ பின்னால் ஒரு கூவல் கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. சிந்து என்று கத்தினேனா, மனசுக்குள் கத்தினேனா, தெரியவில்லை. படி பதினாறு. தட்டவில்லை, கதவைத் தோளால் தள்ளினேன். அவள் ஜன்னல் பக்கம் நிற்கிறாள். நிற்கிறாள். இரண்டு கதவுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, அதில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறாள். தலை வாரியிருக்கிறாள். அதை எப்போது வாரினாள்? "வந்துட்டீங்களா" என்றாள். திட்டவில்லை, அவள் முகம்தான் தொங்கிப்போயிருந்தது. எனக்கு மூச்சு வாங்கியது, கதவைப் பிடித்துக்கொண்டு, "ஜன்னல் சாத்தியிருந்துச்சு கண்ணு" என்றேன். "தெரை காத்துல படபடன்னு அடிக்குது. அடிச்சா அதுக தலையத் தூக்கிப் பாக்குதுக. அதான் சாத்திட்டேன்." எது என்றேன். "மானுதான்." எங்கே மான், நான் காலையிலிருந்து அந்தச் சரிவையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு மைனாவைத் தவிர ஒன்றுமில்லை என்றேன். "நீங்க செஞ்ச எடத்துல இல்லீங்கப்பா. வெட்டுன முள்ளையெல்லாம் கொண்டுபோயி வேலி மூலைல எறிஞ்சீங்கல்ல, அதுக்கு அந்தப் பக்கம். கீழ இருந்து பாத்தாத் தெரியாது. ஏழு இருக்குது, ஒண்ணு குட்டி. குட்டி நடுவுல படுத்துக்கும்." முள்ளை ஏதோ ஒரு மூலையில் வீசியது நினைவிருக்கிறது. வீசிய பிறகு அந்தப் பக்கமே நான் போகவில்லை, போக அங்கே எனக்கு என்ன இருக்கிறது. எப்போதிருந்து வருகிறது என்றேன். "பதினேழு நாளா." பதினேழு நாளா! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "சொன்னா நீங்க போயிப் பாப்பீங்க."

பார்ப்பேன். நிச்சயமாகப் போய்ப் பார்த்திருப்பேன். எந்த இடம், எத்தனை, புல் மடங்கியிருக்கிறதா, சூடு இருக்கிறதா என்று குனிந்து பார்த்திருப்பேன், முள்ளை ஒதுக்கி இன்னும் வசதி செய்து கொடுத்திருப்பேன், சுப்பணனைக் கூட்டிவந்து காட்டியிருப்பேன். என் மகளுக்குக் காலையில் எழுந்திருக்க ஒன்று கிடைத்திருக்கிறது, அதை அவள் பதினேழு நாள் என்னிடமிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறாள். வேறு யாரிடமிருந்தும் இல்லை, என்னிடமிருந்து. "இப்ப இருக்குதா?" என்றேன். "ஓடிப்போச்சு. நீங்க ஓடியாந்தீங்கல்ல. குட்டிக்கு வேலி தாண்டத் தெரியல, சுத்திச் சுத்தி வந்துச்சு. அப்பறம் அம்மாக்காரி திரும்பி வந்து கூட்டிட்டுப் போயிருச்சு." நாளைக்கு வருமா என்றேன். அதைக் கேட்டிருக்கக்கூடாது. கேட்ட பிறகுதான் தெரிந்தது. "தெரியலீங்கப்பா" என்றாள். ஜன்னலை விட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அந்த ஒரு விரல் வெளிச்சத்தையே பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய்வரை வந்தது. புளியம்பட்டிக் கடைக்காரனிடம் சிரித்ததற்கு, செருப்பைக் கழற்றும் முன் கேட்டதற்கு, எல்லாவற்றுக்கும். கேட்டால் அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். "கீழ போங்கப்பா" என்றாள். போகிறேன் கண்ணு என்றேன். கதவை முழுசாகச் சாத்தினேன்.

பத்துப் படிதான் இறங்க முடிந்தது. பதினோராவது படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே சத்தமில்லை. கட்டில் கிரீச்சிடவில்லை, ஜன்னல் திறக்கிற சத்தமில்லை, அழுகிற சத்தமும் இல்லை. நான்தான் விரட்டிவிட்டேன், நாளைக்கு அது வராவிட்டால் அவள் எதற்காக எழுந்திருப்பாள்? வராவிட்டால் என்ன செய்வேன், எனக்குத் தெரியவில்லை. வருகிறதா என்று கேட்கவும் முடியாது, போய்ப் பார்க்கவும் முடியாது. அவள் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. செல்போன் அடிக்கிறது. வசந்தா. பின்னால் எழவு வீட்டில் பெண்கள் அழுகிற சத்தம். "என்னங்க, மேல போனீங்களா? எப்படி இருக்கறா?" இருக்கறா என்றேன். "என்ன பண்றா இப்ப?" தெரியவில்லை என்றேன். "தெரியலன்னா என்னங்க அர்த்தம்? அங்கதான இருக்கறீங்க? போயிப் பாருங்க. போனை வெக்காதீங்க, பாத்துட்டுச் சொல்லுங்க." போக மாட்டேன் என்றேன். குரல் உடைந்து அவள் கத்த ஆரம்பித்தாள். உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா, எம் புள்ளையைத் தனியா உட்டுட்டு என்னங்க பண்றீங்க, எந்திரிச்சுப் போங்க என்று கத்துகிறாள். அவள் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் மேலே சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பத்துப் படி தள்ளி. வாய் கசக்கிறது. நான் எழுந்திருக்கவில்லை.